மலைத்தண்ணிக்கு எதுக்குய்யா ஆர்.ஓ.?

கொடைக்கானலில் எஸ்பிரஸோ மெஷின் மக்கர் பண்ணினால் குற்றவாளி ஒருவர்தான். தண்ணீர். மெஷின் வாங்கி ஒன்றரை வருஷம் ஆகியிருக்கும். ஸ்டீம் குழாயில் ஆவி வராது, காபி சொட்டுச் சொட்டாக விழும், வாயில் வைத்தால் கருகின கசப்பு. உடனே தீர்ப்பு வந்துவிடும்: "தண்ணி சரியில்ல சார்." அடுத்த வாரம் சமையலறைச் சுவரில் ஒரு ஆர்.ஓ. பெட்டி தொங்கும். காட்டேஜ் வைத்திருப்பவர், ஹோம்ஸ்டே நடத்துபவர், ஏரிப் பக்கம் நாலு மேஜை போட்டு கஃபே திறந்தவர் எல்லோரும் இதே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

பாவம், தண்ணீர் மேல் போடப்படுவது பொய் கேஸ்.

உப்புத்தண்ணீர் மெஷினைக் கெடுக்கும் என்பது உண்மைதான். கால்சியம் கரைந்திருக்கும் தண்ணீரைச் சூடாக்கினால் கால்சியம் கார்பனேட்டாகப் படியும். கெட்டில் அடியில் வெள்ளையாகப் பிடிக்குமே, அதேதான். பாய்லருக்குள்ளும் ஊசித்துளைக் குழாய்களுக்குள்ளும் அது பிடித்தால் மெஷின் கதை முடிந்தது. திண்டுக்கல்லிலோ சென்னையிலோ போர்த்தண்ணீர் ஊற்றுகிறவர் இதற்குப் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் பழனி மலை சுண்ணாம்புப் பாறை இல்லை. சார்னோக்கைட், நைஸ் என்கிற கெட்டிப் பாறை. மழை சோலைக்காட்டு மண்ணில் ஊறி, சுண்ணாம்பை அதிகம் தொடாமலேயே ஓடைக்கு வந்துவிடுகிறது. அதனால் மலை ஓடைத் தண்ணீர் மென்னீர். இங்கே குளிக்கிறவர்களுக்குத் தெரியும், சோப்பு நுரை லேசில் போகாது. இன்னொரு சாட்சியும் அதே சமையலறையில் இருக்கிறது. மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் கெட்டிலின் அடியைப் பார்த்தால் போதும். அதே தண்ணீர், அதே சூடு. கெட்டிலில் வெள்ளைப் படிவு இல்லையென்றால் மெஷினுக்குள் மட்டும் எங்கிருந்து வரும்?

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கேட்கவிடாமல் செய்ய ஒரு வித்தை இருக்கிறது. விற்பனைப் பிரதிநிதி இரண்டு கண்ணாடி டம்ளரை வைப்பார். ஒன்றில் குழாய்த்தண்ணீர், இன்னொன்றில் ஆர்.ஓ. தண்ணீர். இரண்டிலும் கம்பி வைத்த ஒரு கருவியை முக்கி கரண்ட் கொடுப்பார். குழாய்த்தண்ணீர் பழுப்பாகிக் குழம்பும். "பாத்தீங்களா சார், இதைத்தான் இத்தனை நாளா குடிச்சிருக்கீங்க!" வீட்டுக்காரர் முகம் வெளிறிவிடும். உண்மையில் அந்தப் பழுப்பு தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை. கம்பியின் இரும்பு கரைந்து வந்த துரு. தாது உப்பு இருக்கும் தண்ணீரில் கரண்ட் பாயும், கம்பி கரையும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு ரொம்பக் குறைவு, அதனால் ஒன்றும் நடக்காது. பத்தாம் வகுப்பு மின்னாற்பகுப்புப் பாடம். அதை வைத்தே பல ஆயிரம் ரூபாய் வியாபாரம் :-)

அடுத்த ஆயுதம் டி.டி.எஸ். பேனா. கரைந்திருக்கும் உப்பு மொத்தம் எவ்வளவு என்று சுமாராகச் சொல்லும், அவ்வளவுதான். கிருமி இருந்தால் அதற்குத் தெரியாது. பாதரசம் இருந்தாலும் தெரியாது. 2001ல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசக் கழிவு விவகாரத்தை மறக்காத ஊர் இது. இங்கே வந்து பேனாவில் நம்பர் குறைந்தால் தண்ணீர் சுத்தம் என்று சொல்வது அபத்தம் மட்டுமில்லை, ஆபத்தும்கூட.

சரி, நம்பர் கணக்கிலேயே பேசுவோம். குடிநீருக்கு இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 ஏற்கும் டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை. காபி போடும் தண்ணீருக்கு ஸ்பெஷாலிட்டி காபி அசோசியேஷன் சொல்லும் அளவு 75 முதல் 250, இலக்கு 150. அதாவது காபிக்குத் தண்ணீரில் கொஞ்சம் தாது இருந்தே ஆகவேண்டும். கால்சியமும் மெக்னீசியமும் தூளிலிருந்து ருசியை இழுக்க உதவும். பைகார்பனேட் புளிப்பை அடக்கும். மலைத்தண்ணீரில் இவை ஏற்கெனவே குறைவு. இருக்கிற கொஞ்சத்தையும் ஆர்.ஓ. உருவிவிட்டால் கிடைப்பது சப்பென்று, புளிப்பு மட்டும் தூக்கலான காபி.

கொடுமை என்னவென்றால், எந்த மெஷினைக் காப்பாற்ற இந்தப் பெட்டி வந்ததோ அந்த மெஷினுக்கே இது ஆகாது. பல மெஷின்களில் பாய்லர் தண்ணீர் மட்டத்தைப் பார்ப்பது ஒரு சின்னக் கம்பி. தண்ணீர் வழியாகக் கரண்ட் பாய்கிறதா என்று பார்த்துத்தான் அதற்கு மட்டம் தெரியும். தாதுவே இல்லாத தண்ணீரில் கரண்ட் சரியாகப் பாயாது. பாய்லர் காலி என்று நினைத்து மெஷின் மேலும் மேலும் நிரப்பும். போதாததற்குத் தாதுவில்லாத நீர் காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி லேசான அமிலமாகும், செம்பையும் பித்தளையையும் மெல்ல அரிக்கும். வெறும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றாதீர்கள் என்று எத்தனையோ மெஷின்களின் கையேட்டிலேயே இருக்கிறது. கையேட்டை யார் படிக்கிறார்கள்?

ஊருக்கு ஆகும் நஷ்டம் தனி. வீட்டு ஆர்.ஓ. ஒரு லிட்டர் தருவதற்கு இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்புவது சாதாரணம். அப்சர்வேட்டரி, மனோரஞ்சிதம் நீர்த்தேக்கங்களை நம்பியிருக்கும் ஊர் இது. சீசனில் கூட்டம் ஏறும்போதுதான் நீர்மட்டம் இறங்கும். இந்த மலை தாங்காது என்றுதான் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே மாதம் இ-பாஸ் வந்தது. குடத்தோடு குழாயடியில் ஒரு அக்கா காத்திருக்கையில், மேல் தெருவில் ஒரு கஃபே நல்ல தண்ணீரை மேலும் 'நல்லதாக்க' முக்கால்வாசியைக் கொட்டுகிறது. டி.டி.எஸ். 500க்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்.ஓ.வைத் தடைசெய்ய விதி கொண்டுவரும்படி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019லேயே மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அந்தக் கணக்குப்படி பார்த்தால் மலைத்தண்ணீருக்கு ஆர்.ஓ. வேலையே இல்லை.

அப்படியானால் மெஷின் ஏன் கெடுகிறது? கழுவாததால். அவ்வளவுதான்.

நம் வீடுகளில் டிகாஷன் இறக்கிய ஃபில்டரை மறுநாள் வரை சக்கையோடு விட்டால் பாட்டி சும்மா விடுவாரா? நேற்றைய சக்கை மேல் இன்றைய தூளைப் போடுவதை யாராவது கற்பனை செய்ய முடியுமா? இருநூறு ரூபாய் ஃபில்டருக்குக் கிடைக்கிற மரியாதை ஒரு லட்ச ரூபாய் மெஷினுக்குக் கிடைப்பதில்லை. கைப்பிடிக்குள் நேற்றைய சக்கை. ஸ்டீம் குழாய் நுனியில் காய்ந்த பால், அதனால்தான் ஆவி வரவில்லை. சல்லடையில் பழைய காபி எண்ணெய் சிக்குப்பிடித்துக் கிடக்கும், அதனால்தான் கசப்பு. சீசனுக்கு மட்டும் திறக்கும் பங்களாக்களில் நாலைந்து மாதத் தண்ணீர் தொட்டியிலேயே கிடக்கும். பூட்டும்போது வடித்துவிட்டுப் போக யாருக்கும் தோன்றாது.

செய்யவேண்டியது ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. பால் காய்ச்சியதும் குழாயை ஈரத்துணியால் துடைத்து ஒரு நொடி ஆவியை வெளியே விடவேண்டும். தினமும் சல்லடையைக் கழற்றிக் கழுவவேண்டும். மெஷின் அனுமதிக்குமானால் வாரம் ஒருமுறை துளையில்லாத சல்லடை போட்டுப் பின்னோக்கி அலசவேண்டும். தொட்டியைத் தேய்த்துக் கழுவவேண்டும். ரப்பர் வளையம் இறுகினால் மாற்றவேண்டும். படிவே இல்லாத மெஷினுக்கு மாதாமாதம் அமிலப் பொடி போடுவதை முதலில் நிறுத்தவேண்டும். கரைக்க உப்பு இல்லாதபோது அமிலம் கை வைப்பது உலோகத்தில்தான்.

புளிப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதற்கும் தண்ணீர்தான் திட்டு வாங்குகிறது. 7,000 அடி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். சில வகை மெஷின்களில் காபிக்கு முன் கொஞ்சம் வெந்நீரை வடித்துவிட வேண்டும். சீறல் நின்ற பிறகும் சில நொடி வடியுங்கள் என்பது சமவெளிக்கான பாடம். அங்கே சீறல் நிற்பது 100 டிகிரியில். இங்கே சீறல் நிற்கும்போதே 93. அதற்கு மேலும் வடித்தால் ஆறின தண்ணீர்தான் தூளில் இறங்கும். கீழே எழுதிய பாடத்தை மேலே கொண்டுவந்து ஒப்பித்தால் தாண்டிக்குடித் தோட்டத்து நல்ல காபியும் புளிக்கத்தான் செய்யும்.

கணக்குப் பாடத்தில் தேய்மானம் என்று ஒன்று உண்டு. எந்தச் சொத்தும் வருஷா வருஷம் தேயும், அதற்கு ஒதுக்கி வைக்கவேண்டும். ஆனால் பராமரிப்புக்குத் தினம் ஐந்து நிமிஷம் ஒதுக்காதவர் இன்னொரு சொத்து வாங்கிவிடுகிறார். மெஷினையே கழுவாதவர் ஆர்.ஓ. ஃபில்டரை மட்டும் நேரத்துக்கு மாற்றிவிடுவாரா? கழுவும் வேலையில் பெருமை இல்லை. சுவரில் தொங்கும் பெட்டியில் இருக்கிறது. விருந்தாளிக்குக் காட்டலாமே!

கிருமி பயம் இருந்தால் கொதிக்க வைக்கலாம், யு.வி. போடலாம். குளோரின் வாடைக்குக் கார்பன் ஃபில்டர் போதும். டேங்கர் தண்ணீர், போர்த்தண்ணீர் என்றால் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் பரிசோதித்துவிட்டு முடிவு செய்யலாம். பரிசோதனைக்கு முன்பே தண்டனை கொடுப்பதுதான் தப்பு. சோலைக்காடு வடிகட்டித் தரும் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, அழுக்குக் குழாயில் காபி பிடித்துக் குடிப்பவருக்கு இந்த மலையின் தண்ணீரைக் குறை சொல்ல எந்த யோக்கியதையும் இல்லை.

பி.கு.: சமவெளி மக்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். போர்த்தண்ணீர் கடினமாக இருந்தால் அங்கே ஆர்.ஓ. தேவைதான். அப்போதும் வெறும் ஆர்.ஓ. ஊற்றாமல் குழாய்த்தண்ணீரைக் கொஞ்சம் கலப்பதே மெஷினுக்கும் நாக்குக்கும் நல்லது.