சிக்னல் இல்லாமலும் படிக்கலாம்



ஏற்காடு மலையில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் பலருக்கு வெப் டெவலப்மெண்ட் கற்றுக்கொள்ள ஆசை. யூடியூபில் வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. எதில் தொடங்குவது என்று சொல்லத்தான் ஆளில்லை. கடைசியில் கடன் வாங்கிச் சேலத்தில் ஏதாவது கோர்ஸில் சேர்கிறார்கள்.

தொடங்குவதற்கு அந்தப் பணம் தேவையே இல்லை. து. நித்யாவின் 'எளிய தமிழில் எச்டிஎம்எல்', 'எளிய தமிழில் சிஎஸ்எஸ்' நூல்களைக் கணியம் இணையதளம் இலவச மின்னூல்களாகத் தருகிறது. ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்கள் தமிழிலும் உண்டு. டவுன்லோடு செய்துகொண்டால் இணையம் இல்லாமலே பார்க்கலாம். மழை பிடித்தால் சிக்னல் போய்விடும் கிளியூர் போன்ற ஊர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி! ஆங்கிலம் ஓரளவு கைவந்ததும் மொசில்லாவின் எம்டிஎன் தளத்துக்குப் போகலாம். சந்தேகம் வந்தால் நான் நம்புவது அதைத்தான்.

வீடியோ பார்ப்பதோடு நிற்கக் கூடாது. நோட்பேடில் நாலு வரி தானே அடித்து பிரவுசரில் திறந்து பார்க்க வேண்டும். 'ஏற்காடு' என்று அடித்தது புரியாத குறிகளாகத் தெரிந்தால், தலைப்பகுதியில் 'மெட்டா சார்செட் யூடிஎஃப்-8' வரி இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும். இப்படித் திருத்தித் திருத்திக் கற்றது மறக்காது.

பள்ளிக் கல்வித்துறைக்கு ஒரு வேண்டுகோள். மலைப்பகுதி அரசுப் பள்ளிகளின் ஹைடெக் லேப் கணினிகளில் இந்தப் பாடங்களை ஏற்றிவைத்து, சனிக்கிழமைகளில் முன்னாள் மாணவர்களையும் அனுமதியுங்கள். இவை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானவை. நகலெடுத்துப் பகிரத் தடையில்லை.

- வாசகர், கிளியூர், ஏற்காடு