திரைக்கு இந்தப் பக்கம் ஓர் ஆள் வேண்டும்

மத்திய அரசின் இணையவழி மருத்துவத் தளமான ‘இ-சஞ்சீவனி’ வழியே நடந்த மருத்துவ ஆலோசனைகள் 30 கோடியைத் தாண்டிவிட்டன. 2020 ஏப்ரலில், ஊரடங்கால் ஆஸ்பத்திரிக்குப் போகவே மக்கள் அஞ்சிய நேரத்தில், வீட்டிலிருந்தபடியே மருத்துவரைப் பார்க்கும் வசதி இதில் திறந்துவிடப்பட்டது. தொடக்க மாதங்களில் அதை அதிகம் பயன்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடு முன்வரிசையில் நின்றது. 30 கோடி என்பது மேடையில் கைதட்டல் வாங்கித்தரும் எண்தான். அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் வேறொரு சேதி கிடைக்கிறது. இந்த ஆலோசனைகளில் பெரும்பகுதி, நோயாளி தன் கைபேசியில் தானே மருத்துவரை அழைத்தவை அல்ல. கிராமத்து நலவாழ்வு மையத்தில் செவிலியரோ சுகாதாரப் பணியாளரோ பக்கத்தில் உட்கார்ந்து, விவரங்களைப் பதிந்து, மருத்துவரிடம் பேசவைத்தவை.

இணையவழி மருத்துவம் எங்கே பலிக்கிறது, எங்கே பொய்க்கிறது என்பதற்கான விடை இதில் பாதி இருக்கிறது.

மீதிப் பாதிக்கு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பார்க்கலாம். 2000-களின் தொடக்கத்திலேயே சிற்றூர்களில் ‘விஷன் சென்டர்’களைத் திறக்கத் தொடங்கியவர்கள் அவர்கள். நல்ல இணைய இணைப்பு கிடைக்காத காலம். பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து, கோபுரம் நட்டு, நீண்டதூர வைஃபை மூலம் தேனி மருத்துவமனையைச் சுற்றுவட்டார ஊர்களோடு இணைத்தார்கள். இன்று அப்படி நூறுக்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. அங்கே மருத்துவர் இருக்கமாட்டார். பிளஸ் டூ முடித்துவிட்டு இரண்டு ஆண்டுப் பயிற்சி பெற்ற, பெரும்பாலும் கிராமத்துப் பெண் ஒருவர் இருப்பார். வந்திருக்கும் பெரியவரின் தாடையை ஸ்லிட் லேம்ப் கருவியில் பொருத்தச்சொல்லி, பார்வையை அளந்து, கண்ணழுத்தம் பார்த்து, படமெடுத்துக் கணினியில் ஏற்றுவார். எங்கோ இருக்கும் கண் மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு, திரையில் வந்து பெரியவரோடு சில நிமிடம் பேசுவார். கண்ணாடியா, சொட்டு மருந்தா, புரை அறுவைச் சிகிச்சையா என்று அங்கேயே முடிவாகிவிடும். பெரும்பாலானவர்கள் பேருந்து ஏறாமலேயே வீடு திரும்புகிறார்கள். ஒருநாள் கூலியும் மிச்சம், துணைக்கு வருபவரின் கூலியும் மிச்சம்.

மருத்துவர் பேசிய அந்தச் சில நிமிடங்களுக்குப் பெறுமதி எங்கிருந்து வந்தது? அதற்கு முன்பு அந்தப் பெண் செய்த வேலையிலிருந்துதான். அந்த வேலை இல்லாவிட்டால் “கண்ணு மங்கலா இருக்கு” என்ற ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு எந்த நிபுணராலும் எதையும் செய்ய முடியாது.

வெறும் கைபேசி அழைப்பின் எல்லையும் இதுவே. 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ நடைமுறை விதிகள் இதைச் சரியாகவே புரிந்துகொண்டிருக்கின்றன. காய்ச்சல் மாத்திரை போன்றவற்றை எந்த வழியிலும் பரிந்துரைக்கலாம்; வேறு சில மருந்துகளை முதல்முறை எழுத வேண்டுமானால் காணொலியில் நோயாளியைப் பார்த்திருக்க வேண்டும்; போதை தரும் மருந்துகளை எழுதவே கூடாது. செயற்கை நுண்ணறிவு மருத்துவருக்குத் துணை நிற்கலாம், தானாக மருந்து எழுதக் கூடாது என்றும் அன்றே சொல்லிவிட்டார்கள். விதியில் குறையில்லை. ஆனால், நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் தெரியாமல், வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல், வயிற்றுவலிக்கு மருந்து எழுதும் தைரியத்தை எந்த விதியும் தந்துவிடாது.

இன்னொரு தடை, கைபேசி யார் கையில் இருக்கிறது என்பது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியப் பெண்களில் இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்தியவர்கள் 33 சதவீதம். ஆண்களில் 57 சதவீதம். அதன் பிறகு நிலைமை மாறியிருக்கிறது, உண்மைதான். ஆனால், மருத்துவம் அதிகம் தேவைப்படும் மூதாட்டியிடம் இன்னும் பட்டன் போன்தான். 2021-இல் தடுப்பூசிக்கு ‘கோவின்’ தளத்தில் பதிவு கட்டாயம் என்றபோது நடந்ததை மறந்துவிட வேண்டாம். உச்ச நீதிமன்றமே கேள்வி எழுப்பியது. பிறகு நேரில் வந்தும் போட்டுக்கொள்ளலாம் என்று வழி திறக்க வேண்டியதாயிற்று.

சரி, ஆள் வேண்டும் என்கிறோம். இருக்கிற ஆளை எப்படி வைத்திருக்கிறோம்? கிராம சுகாதார செவிலியரைக் கேட்டால் தெரியும். கர்ப்பிணியின் பெயரைப் பதிவேட்டில் எழுத வேண்டும். அதையே அரசின் ‘பிக்மி’ தளத்திலும் ஏற்ற வேண்டும். அங்கே கிடைக்கும் எண் இல்லாவிட்டால் குழந்தையின் பிறப்புச் சான்றிதழே சிக்கலாகும். சர்வர் சுற்றிக்கொண்டே இருந்தால், வீட்டுக்குப் போன பிறகு இரவில் உட்கார்ந்து ஏற்ற வேண்டும். வேலையைக் குறைக்க வந்த கணினி, இவருக்கு வேலையை இரட்டிப்பாக்கியிருக்கிறது.

ஏற்றிய தகவலின் கதை என்ன? 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகளை இணையத் தாக்குதல் முடக்கியபோது, நாட்டின் தலைசிறந்த மருத்துவமனை பல நாட்கள் காகிதத்தில் இயங்கியது. அடுத்த ஆண்டு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் நோய் விவரத்துக்கும் அவரது கைபேசி எண்ணுக்கும் இடையே வேறுபாடு எதையும் வைக்கவில்லை. 2019-இல் வந்த மசோதாவில் இருந்த அந்த வேறுபாடு, சட்டமானபோது காணாமல்போனது. காசநோயோ எச்ஐவியோ மனநலச் சிகிச்சையோ வெளியே கசிந்தால் வேலையும் திருமணமும் கெடும் ஊர் இது. ‘ஆபா’ என்னும் 14 இலக்கச் சுகாதாரக் கணக்கு எண்ணை வாங்கச்சொல்லி வரிசையில் நிற்கவைக்கும் அரசு, இந்த அச்சத்துக்கு இன்னும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.

தமிழ்நாட்டுக்கு ஒரு வசதி உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் மூலம், ரத்த அழுத்தக் கருவியும் சர்க்கரை பார்க்கும் கருவியுமாக ஒரு பெண் வீட்டு வாசலுக்கே வருகிறார். மாத்திரையை மாற்ற வேண்டுமா, அளவைக் கூட்ட வேண்டுமா என்ற முடிவுக்காக முதியவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அலையவிடாமல், அந்தத் திண்ணையிலேயே மருத்துவரைத் திரையில் கொண்டுவர முடியும். அதற்குப் புதிய செயலி தேவையில்லை. அந்தப் பணியாளருக்கு முறையான பயிற்சியும் கௌரவமான ஊதியமும், அழைத்தால் மறுமுனையில் எடுக்கும் மருத்துவரும், இரண்டாம்முறை எழுதத் தேவையில்லாத ஒரே பதிவேடும் வேண்டும். எத்தனை அழைப்புகள் நடந்தன என்று கணக்குக் காட்டுவதை நிறுத்திவிட்டு, எத்தனை பேருக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் வந்தன என்ற கணக்கை மாவட்டவாரியாக அரசு வெளியிடட்டும்.