ஏந்தாத கிண்ணம்

வெள்ளைத் துரைமாரின் காலத்தில் அவர்தம் கிளப்புகளில் டென்னிஸ் ஆடுகளம் இருந்தது. லயத்துச் சிறுவனுக்கு அங்கே இருந்த பங்கு பந்து பொறுக்கிக் கொடுப்பதுதான். இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களின் முதியோர் சொல்ல இதனைக் கேட்டிருக்கின்றோம்.

அந்த ஆட்டத்திலே உலகப் புகழ் எய்திய தமிழர் ஒருவரைப் பற்றி இன்று எண்ணிப் பார்க்கின்றோம். 1953 இல் சென்னையில் பிறந்த விஜய் அமிர்தராஜ் இளமையில் நோயாளிப் பிள்ளை. ஆயினும், 1973 இல் விம்பிள்டனிலும் அமெரிக்கப் பகிரங்கப் போட்டியிலும் காலிறுதியை எட்டினார். ரொட் லேவரையும் பியோன் போர்க்கையும் வீழ்த்தினார். ஓய்வுபெற்றுப் பல்லாண்டுகள் சென்றபின், 2024 இல் நியூபோர்ட்டிலுள்ள டென்னிஸ் புகழ்மண்டபம் அவரை ஏற்றுக்கொண்டது.

இத்தனை சிறப்பிலும் அவர் வாழ்வின் மிகப் பெரிய ஆட்டம் எது? அவர் ஆடாத ஆட்டமே என்போம்!

1974 இல் அவுஸ்திரேலியாவையும் சோவியத் ஒன்றியத்தையும் வென்று, டேவிஸ் கிண்ண இறுதியாட்டத்தின் வாயிலில் இந்திய அணி நின்றது. எதிரே நின்றதோ, தோலின் நிறம் பார்த்து மனிதனுக்கு மதிப்பிட்ட தென்னாபிரிக்கா. ஆட மாட்டோம் என்றது இந்தியா. கிண்ணம் ஆடாமலே தென்னாபிரிக்காவுக்குப் போயிற்று. முடிவு அரசினுடையது; இழப்போ 20 வயது இளைஞருடையது. 1987 இல் மீண்டும் இறுதியாட்டம் வந்தது. சுவீடனிடம் இந்தியா தோற்றது. அந்தக் கிண்ணம் இன்றுவரை இந்தியாவுக்குக் கிட்டவில்லை.

விளையாட்டில் அரசியலைக் கலக்கலாமா என்று கேட்போர் உளர். கலந்தவர் யார்? கறுப்பு மக்களுக்கு ஆடுகளத்தின் கதவை அடைத்தவரா? அடைத்த கதவின் முன் ஆட மறுத்தவரா?

1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோர் ஆக்கப்பட்ட மக்கள் நாம். நம்மில் எஞ்சியோர் 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்துக் கிடந்தனர். பிறப்பைக் காட்டிக் கதவடைப்பது எத்தகைய கொடுமை என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆகவே, தோட்டத்துத் தம்பிமாரே, தங்கைமாரே! நமக்கும் ஆடுகளம் வேண்டுமென்று உரத்துக் கேளுங்கள். கிடைத்தால் ஆடுங்கள், வெல்லுங்கள். ஆனால், உங்களுக்குத் திறக்கும் கதவு அயலவனுக்கு அடைபடுமாயின், அந்தக் கிண்ணம் வேண்டாமென்று சொல்லும் துணிவையும் பெற்றிருங்கள். அரை நூற்றாண்டு கழிந்தும் ஏந்தாத அந்தக் கிண்ணத்தையன்றோ நாம் பேசிக்கொண்டிருக்கின்றோம்!