‘இன்னொரு டாக்டர் பார்க்கட்டும்’... வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் கேட்கத் தயங்காதீர்கள்!

பள்ளிக்கரணை, மேடவாக்கம் பக்கத்து அடுக்குமாடிகளில், ராத்திரி போனை சைலன்ட்டில் போடாத தாத்தா பாட்டிகள் நிறைய பேர். மகனோ மகளோ சிட்னியிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். அங்கே பேரக்குழந்தைக்கு உடம்பு கொதித்தால் போன் இங்கேதான் வரும். “அம்மா, மருந்து கொடுத்தும் ஜுரம் இறங்கல. ஆஸ்பத்திரியில ஒரு மணி நேரமா உட்கார வெச்சிருக்காங்க. என்ன பண்றது?”

“பயப்படாதே, அவங்களுக்குத் தெரியும்” என்பதுதான் பெரும்பாலும் இங்கிருந்து போகும் பதில். ஆறுதலான பதில்தான். ஆனால், எல்லா நேரத்திலும் சரியான பதிலா?

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 2021 ஏப்ரல் 3 அன்று நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை அது. கேரளாவிலிருந்து போய் அங்கே வாழும் தம்பதி, ஜுரத்தில் துவண்டுபோன 7 வயது மகள் ஐஸ்வர்யா அஸ்வத்தை மாலை 5.30 மணிவாக்கில் பெர்த் குழந்தைகள் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். நர்ஸ் பார்த்துவிட்டு, அதிக அவசரமில்லாதவர்கள் வரிசையில் சேர்த்தார். குழந்தையின் கை சில்லிட்டிருந்தது, கண்ணில் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. பெற்றோர் திரும்பத் திரும்ப எழுந்துபோய்ச் சொன்னார்கள். காத்திருப்பு நீண்டது. இரவு 9 மணியளவில் ஐஸ்வர்யா இறந்துவிட்டாள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ‘ஏ’ என்ற பாக்டீரியா ரத்தத்தில் கலந்து உண்டாக்கிய செப்சிஸ்தான் காரணம்.

அந்தப் பெற்றோர் வாய் மூடி இருக்கவில்லை, கேட்டார்கள். நர்ஸைத் தாண்டி யாரிடம் கேட்பது என்பதற்குத்தான் ஒரு வழி தேவைப்பட்டது. இன்று மேற்கு ஆஸ்திரேலிய அரசு மருத்துவமனைகளில் அந்த வழி ஐஸ்வர்யாவின் பெயரிலேயே இருக்கிறது: ‘ஐஸ்வர்யாஸ் கேர் கால்’. நோயாளியின் நிலை மோசமாகிறது என்று குடும்பத்தினர் கவலைப்பட்டால், நேரடியாகப் போன் செய்து மறுபரிசோதனை கேட்கலாம்.

குயின்ஸ்லாந்தில் இருப்பது ‘ரையன்ஸ் ரூல்’. மூன்று வயதுகூட நிரம்பாத ரையன் சாண்டர்ஸ் என்ற சிறுவன் 2007-ல் இறந்த பிறகு வந்தது. முதலில் நர்ஸிடமோ டாக்டரிடமோ சொல்ல வேண்டும், சரிப்படவில்லையென்றால் பொறுப்பு நர்ஸிடம். அப்போதும் திருப்தியில்லை என்றால் ஒரு போன், அவ்வளவுதான். இங்கிலாந்தில் 2021-ல் செப்சிஸால் இறந்த 13 வயது மார்த்தா மில்ஸ் பெயரில், 2024 முதல் ‘மார்த்தாஸ் ரூல்’ நடைமுறைக்கு வந்திருக்கிறது. மூன்றுக்குப் பின்னாலும் ஒரு குழந்தையின் மரணம். நம் பிள்ளைகள் இருக்கும் ஊரில் இப்படியொரு ஏற்பாடு உண்டா என்று, குழந்தை நன்றாக இருக்கும்போதே விசாரித்து வைப்பது பெரிய வேலையில்லை.

இங்கே கிளினிக்கில் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தாலும், குழந்தை கண் செருகினால் அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விடுவார். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அதே அம்மா வெளிநாட்டில், ‘சத்தம் போட்டால் என்ன நினைப்பார்களோ, என் இங்கிலீஷ் சரியா வருமோ’ என்று நாற்காலியிலேயே உட்கார்ந்துவிடுகிறார். முதலில் பார்த்தபோது நர்ஸ் கொடுத்த வரிசை கடைசிவரை மாறாதது அல்ல. குழந்தையின் நிலை மாறினால் திரும்பவும் பார்க்கச் சொல்லலாம். ‘வந்தபோது பேசினாள், இப்போது எழுப்பினாலும் கண் திறக்கவில்லை’ என்று மாற்றத்தைச் சொல்வது, ‘ரொம்ப முடியலை’ என்பதைவிட வேகமாக வேலை செய்யும். மொழி தடையென்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். ஆஸ்திரேலியாவில் 131 450 என்ற எண்ணில் தமிழிலும் கிடைப்பார்கள்.

பள்ளிக்கரணைப் பாட்டிக்கும் இதில் வேலை இருக்கிறது. வீடியோ காலில் முகத்தைப் பார்த்து ‘பல் முளைக்கிற ஜுரம்’ என்று முடிவு சொல்வது அந்த வேலை இல்லை! கேள்வி கேட்கலாம். மூச்சு வேகமாக வாங்குகிறதா? கை கால் சில்லென்று இருக்கிறதா? கடைசியாக எப்போது சிறுநீர் போனான்? தோலில் தடிப்பு இருந்தால், கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினால் மறைகிறதா? நம் நிறத்தில் தோல் வெளுப்பதோ நீலம் பூப்பதோ சட்டென்று தெரியாது. உள்ளங்கை, உள்ளங்கால், உதடு, நாக்கைப் பார்க்க வேண்டும். பதில்களில் ஏதாவது உறுத்தினால் பேச்சை வளர்க்காமல் போனை வைத்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லலாம். ஆஸ்திரேலியாவில் 000, சிங்கப்பூரில் 995, இங்கிலாந்தில் 999, அமெரிக்காவிலும் கனடாவிலும் 911, துபாய் உள்ளிட்ட அமீரகத்தில் 998. நம் 108-ஐப் போல இவையும் மனப்பாடமாக இருக்கட்டும்.

மருந்து விஷயத்திலும் ஒரு எச்சரிக்கை. ஊரிலிருந்து சூட்கேஸில் போகும் பாராசிட்டமால் சிரப்பும், அமெரிக்கக் கடையில் ‘அசிட்டமினோஃபென்’ என்று விற்பதும் ஒரே மருந்துதான். தெரியாமல் இரண்டையும் கொடுத்தால் அளவு மீறிவிடும். இங்கே 5 மில்லியில் 120 மி.கி., 250 மி.கி. என இரண்டு வகை கிடைக்கும், அங்கே குழந்தைகள் சிரப்பில் 160 மி.கி. ஆகவே ‘ஒரு மூடி கொடு’ என்று போனில் சொல்வது ஆபத்து. குழந்தையின் எடையை வைத்து அங்குள்ள டாக்டரோ மருந்தாளுநரோ சொல்லும் அளவுதான் சரி.

பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தவர்களின் குழந்தைத் தடுப்பூசி அட்டை பல வீடுகளில் இங்கே பீரோவுக்குள்தான் கிடக்கிறது. அங்கே அவசரப் பிரிவில் கேட்கும் முதல் சில கேள்விகளில் தடுப்பூசியும் ஒன்று, மருந்து ஒவ்வாமை இன்னொன்று. அட்டையைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து, ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயரையும் கீழே டைப் செய்து குடும்ப வாட்ஸ்அப்பில் இன்றைக்கே போட்டுவிடலாம். அனுப்பும் முன், தேதிகள் தெளிவாகத் தெரிகின்றனவா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.