ஆறு விங்ஸ், ஒன்பதரை பவுண்ஸ்

போன ஞாயிறு எனக்கு லீவு. கோழி பொரிக்கிறவனுக்கு லீவு கிடைத்தால் என்ன செய்வான்? காசு குடுத்துக் கோழி சாப்பிடப் போவான். சிரிக்காதேங்கோ, உண்மையாகத்தான்.

மகளுக்குப் பதினைந்து வயது. கிழக்கு லண்டனில் ரயில் பாலத்துக்குக் கீழே ஒரு 'பொப்-அப்' கடை போட்டிருக்கிறார்களாம், ஆறு கிழமைதான் இருக்குமாம், கட்டாயம் போகவேணுமாம். "அப்பா, ஒருக்கா சாப்பிட்டுப் பாருங்கோ. உங்கட கடை விங்ஸ் மாதிரி இல்லை" என்றாள். அந்தக் கடைசி வசனத்துக்காகவே போனேன்.

பொப்-அப் என்றால் வேறொன்றுமில்லை, தற்காலிகக் கடை. சும்மா கிடக்கிற இடத்தைக் கொஞ்சக் காலத்துக்கு எடுத்து, நாலு வாங்கு போட்டு, ஓடினால் ஓடட்டும் என்று நடத்துவது. 2011இல் ஷோர்டிச்சில் கப்பல் கொள்கலன்களை அடுக்கி ஒரு கடைத்தெருவே அப்படித் திறந்தார்கள். இப்ப லண்டன் முழுக்க உதுதான்.

நாற்பது நிமிசம் வரிசை. ஆறு விங்ஸ் 9.50 பவுண்ஸ், சிப்ஸ் வேறை. நான் வேலை செய்கிற கடையில் ஆறு விங்ஸும் சிப்ஸும் சேர்த்து 3.99.

குறை பிடிக்கத்தான் வாயில் வைத்தேன். பிடிக்க முடியவில்லை. இரண்டு தரம் பொரித்த விங்ஸ். முதலில் குறைந்த சூட்டில் உள்ளுக்கு வேகவிட்டு, எடுத்து ஆறவைத்து, பிறகு கூடின சூட்டில் திரும்பப் போட்டிருக்கிறார்கள். மேல்மா மெல்லிசு, எண்ணெய் புதிசு. செட்டையில் இறைச்சி குறைவு, தோல்தான் கூட. அந்தத் தோலின் கொழுப்பு உருகி வடிந்தால்தான் மொறுமொறுப்பு வரும். உது எனக்கும் தெரியும். ஆனால் பள்ளிக்கூடம் விட்ட கையோடு முப்பது பிள்ளைகள் கவுண்டரில் நிற்கும்போது இரண்டாம் தரம் பொரிக்க எங்கே நேரம்?

மேசையில் ஒரு அட்டை இருந்தது. சமைக்கிற பெடியனின் கதை. பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டுவிட்டுத் தன் ஆசைப்படி கோழி பொரிக்க வந்தவராம். மகள் அதை வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

நானும் பாதியில் விட்டவன்தான். 2005இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞான பீடம். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை பூட்டினார்கள். அதற்குப் பிறகு காலையில் வகுப்புக்குப் போனவன் பின்னேரம் வீட்டுக்கு வருவானா என்பதே கேள்வி. 2007இல் வெளிக்கிட்டேன். அந்தப் பெடியனில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நல்ல வேலைகாரன். ஆனால் அவர் அட்டையில் அடித்து மேசையில் வைக்கிற விசயத்தை, நான் இத்தனை வருசமாக ஒளித்துக்கொண்டு திரிகிறேன்.

செட்டைக்கும் அப்படி ஒரு கதை இருக்கிறது. முந்தி அது சூப்புக்குப் போகிற மலிவுச் சாமான். அமெரிக்காவில் பஃபலோ நகரத்தில், 1964இல் ஆங்கர் பார் என்ற இடத்தில் தெரேசா பெலிசிமோ என்ற அம்மாதான் அதைப் பொரித்துச் சோஸில் பிரட்டிக் குடுத்தவ என்று சொல்லுவார்கள். அதே நகரத்தில் ஜோன் யங் என்ற கறுப்பினத்தவரும் அந்தக் காலத்திலேயே செட்டை விற்றவர், தானே முன்னோடி என்று சொன்னவர். நெடுங்காலம் உலகத்துக்குத் தெரிந்தது முதல் பெயர்தான்.

லண்டனில் எங்கட பெயரும் இருக்கவேண்டிய இடம் உது. தென்லண்டன் பிள்ளைகளுக்கு மனப்பாடமான மோர்லிஸ் கடையை 1985இல் சிடனத்தில் தொடங்கியவர் இலங்கையில் இருந்து வந்த செல்வேந்திரன். எத்தனை தமிழ்ப் பெடியள் இந்தக் கடைகளின் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்று ஊருக்குக் காசு அனுப்பினார்கள்!

ஆனால் 'சிக்கன் ஷொப்' என்றால் இந்த நாட்டில் வேறை முகம். 2019இல் உள்துறை அமைச்சு, கத்திக்குத்துக்கு எதிரான வாசகங்களைக் கோழிப் பெட்டிகளில் அடித்துக் குடுத்தது. கோழி சாப்பிடுகிற கறுப்புப் பிள்ளையெல்லாம் கத்தி வைத்திருக்கிறவனா என்று எம்.பிமார் சிலரே கேட்டார்கள். 2021 லண்டன் திட்டப்படி பள்ளிக்கூடத்துக்கு 400 மீற்றருக்குள் புதிதாக இப்படியான கடை திறக்கேலாது. அது பிழையென்று சொல்லமாட்டேன். என்ர பிள்ளை ஒவ்வொரு நாளும் உதைச் சாப்பிட நானே விடமாட்டேன். ஆனால் 3.99க்கு விற்றால் சமூகப் பிரச்சினை, 9.50க்கு விற்றால் 'அனுபவம்' என்பதுதான் எனக்குச் செமிக்கவில்லை.

வெள்ளைக்காரனை மட்டும் சொல்லி என்ன? எங்கட ஆக்களின் கலியாண வீட்டில் "தம்பி என்ன செய்யிறீர்?" என்று கேட்டால், "கேட்டரிங்" என்று சொல்லிவிட்டு நழுவுகிறவன் நான். பக்கத்தில் நிற்கிறவரும் 'பிசினஸ்' என்பார். அவர் எந்தக் கடையில் இரவு ஷிப்ட் நிற்கிறார் என்று எனக்குத் தெரியும்.

இந்த வெட்கத்தால் ஆருக்கு லாபம்? 2009இல் நான் வந்த புதிதில் ஒரு தமிழ் முதலாளி மணித்தியாலத்துக்கு மூன்று பவுண்ஸ் தந்தார். அந்த ஒக்ரோபரில் சட்டப்படி குறைந்த சம்பளம் 5.80. எனக்குக் கையில் பேப்பர் இல்லை, வாய் திறக்கவில்லை. ஆனால் பேப்பர் கிடைத்த பிறகும் கனபேர் வாய் திறக்கவில்லை. என்ன வேலை என்று சொல்லவே கூச்சப்படுகிறவன், என்ன சம்பளம் என்று எப்படி மற்றவனைக் கேட்பான்? ஒருவரையொருவர் கேட்காதவரைக்கும் முதலாளிமாருக்குச் சுகம். வேலையை ஒளிக்கிறதென்றால் சம்பளத்தையும் சேர்த்து ஒளிக்கிறதுதான். இதைத்தான் எங்கட ஆக்கள் யோசிக்கவேணும்.

வரும்போது ரயிலில் மகள் கேட்டாள்: "அப்பா, ஏன் நீங்கள் எல்லாருக்கும் கேட்டரிங் எண்டு சொல்லுறனீங்கள்?"

உடனே பதில் வரவில்லை. இரண்டு ஸ்டேசன் போன பிறகு, "இனிச் சொல்லேல்லை" என்றேன்.

வாற சனிக்கிழமை ஒரு பிறந்தநாள் விழா இருக்கிறது. ஆராவது கேட்டால் கோழி பொரிக்கிறன் என்றே சொல்லப்போகிறேன். அடுத்த லீவுக்கு வீட்டில் இரண்டு தரம் பொரித்துக் காட்டுகிறதாக மகளுக்கும் வாக்குக் குடுத்திருக்கிறேன். சரி, ஷிப்டுக்கு நேரமாச்சு, வாறன்.