எந்த ஊருக்குப் போகலாம்?



ஆண்டுத் தேர்வு முடிந்து, புத்தகப் பையைப் பரண் மேல் தூக்கிப் போடும் நாளுக்காகக் காத்திருக்கிறீர்கள். "லீவுக்கு எங்கே போகப் போறோம்?" என்று வீட்டில் நச்சரிக்கவும் ஆரம்பித்திருப்பீர்கள். அப்பா தனக்கு லீவு கிடைக்குமா என்று யோசிப்பார். அம்மா மாதச் செலவுக் கணக்கைப் பார்ப்பார். கடைசியில் சித்தப்பா "ஊட்டி" என்பார். மாமா "கொடைக்கானல்" என்பார். பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

சித்திரை, வைகாசி இரண்டு மாதங்களையும் நம் முன்னோர் 'இளவேனில்' என்று அழைத்தார்கள். வேம்பு பூக்கும், புங்கமரம் புதுத் துளிர் விடும், மாங்காய் கொத்துக் கொத்தாகத் தொங்கும் காலம் இது. பள்ளி விடுமுறையும் இதே காலத்தில்தான் வருகிறது. ஊர் சுற்றிப் பார்க்க இதைவிட நல்ல நேரம் ஏது? ஆனால், எந்த ஊர் என்பதைப் பெரியவர்களே முடிவு செய்ய வேண்டும் என்று யார் சொன்னது? இந்த ஆண்டு அந்த வேலையை நீங்கள் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் தெரியுமா? ஆசிரியராக இருந்த காலத்தில், ஜூன் மாதம் பள்ளி திறந்ததும், 'நான் சென்ற சுற்றுலா' என்று கட்டுரை எழுதச் சொல்வது என் வழக்கம். நான்கு நாளில் ஒன்பது ஊர் பார்த்த மாணவன், "வேனில் பாட்டுப் போட்டார்கள். ஓட்டலில் பரோட்டா சாப்பிட்டோம். போட்டோ எடுத்தோம். எனக்கு வாந்தி வந்தது" என்று எழுதி முடித்துவிடுவான். ஒன்பது ஊரில் ஓர் ஊர்கூட அவன் மனதில் நின்றிருக்காது. பக்கத்து ஊர்க் குன்றின் மேல் அண்ணனோடு ஏறி வந்த மாணவியோ மூன்று பக்கம் எழுதுவாள். மேலே காற்று எப்படி அடித்தது, பாறைக் குழியில் தண்ணீர் எப்படித் தேங்கி நின்றது, ஆடு மேய்த்த பாட்டி என்ன கதை சொன்னார் என்று எல்லாம் வரும்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? அதிகமான ஊரைப் பார்ப்பது பயணம் ஆகாது. ஒரே ஊரை நன்றாகப் பார்க்க வேண்டும். அந்த ஊரில் உங்கள் காலுக்கும் வேலை இருக்க வேண்டும். கண்ணுக்கும் காதுக்கும் வேலை இருக்க வேண்டும். ஏறவோ, நடக்கவோ, துடுப்புப் போடவோ ஏதாவது இருந்தால்தான் அது சாகசம். நம்மைவிட மூத்த காலம் ஒன்றைக் கண்டு, அங்குள்ளவர்களோடு பேசித் தெரிந்துகொண்டால்தான் பண்பாடு புரியும். இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்கிறதா என்று தேடுங்கள்.

எடுத்துக்காட்டுக்கு ஓர் ஊர் சொல்லட்டுமா? விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சி. திண்டிவனத்தில் இருந்து பஸ்ஸில் சுமார் 28 கிலோமீட்டர்தான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகள். மூன்றையும் மதில் சுவரால் வளைத்து ஒரே கோட்டை ஆக்கியிருக்கிறார்கள்! ராஜகிரி ஏறத்தாழ 800 அடி உயரம். படிகளில் ஏறிக்கொண்டே போனால், உச்சியை நெருங்கும் இடத்தில் பாறை இரண்டாகப் பிளந்து, நடுவில் ஆழமான பள்ளம் இருக்கும். அதைத் தாண்ட ஒரு பாலம். எதிரி வரும்போது பாலத்தை எடுத்துவிட்டால் போதும், எத்தனை பெரிய படையும் அங்கேயே நிற்க வேண்டியதுதான். என்ன மூளை பாருங்கள்!

கீழே வந்தால் நெற்களஞ்சியம், குளங்கள், பல அடுக்குக் கல்யாண மகால் எல்லாம் உண்டு. 'கோட்டைக்குள் இவ்வளவு பெரிய களஞ்சியம் எதற்கு?' என்று கேளுங்கள். வரலாறு பதில் சொல்லும். மொகலாயப் படை இந்தக் கோட்டையை 1690-ல் முற்றுகையிட்டது, பிடித்தது 1698-ல். எட்டு ஆண்டுகள்! உள்ளே தண்ணீரும் தானியமும் இல்லாமல் அத்தனை காலம் தாக்குப்பிடிக்க முடியுமா?

விஜயநகர அரசின் கீழ் இருந்த நாயக்கர்கள், பீஜப்பூர் சுல்தான், 1677-ல் சத்ரபதி சிவாஜி, பிறகு மொகலாயர், 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் ஆங்கிலேயர் என்று கோட்டை கைமாறிக்கொண்டே வந்திருக்கிறது. அதனால்தான் ஒரே கோட்டைக்குள் வெங்கடரமணர் கோவிலும் இருக்கிறது; சாதத்துல்லா கான் மசூதியும் இருக்கிறது. 2025-ம் ஆண்டு ஜூலை மாதம் யுனெஸ்கோ, மராட்டியர் காலக் கோட்டைகள் 12-ஐ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதில் 11 மகாராஷ்டிரத்தில் உள்ளவை. பன்னிரண்டாவது நம் செஞ்சி!

போவதற்கு முன் தேசிங்கு ராஜன் கதையைத் தாத்தா, பாட்டியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். யாராலும் அடக்க முடியாத குதிரையை அவன் அடக்கியது, தன் முஸ்லிம் நண்பனோடு சேர்ந்து போர்க்களம் சென்றது, 1714-ல் இளம் வயதிலேயே உயிர்விட்டது எல்லாம் நம் மக்கள் பாடிப் பாடிக் காப்பாற்றிய கதை. அதைக் கேட்டுவிட்டு மேலே ஏறினால் வெறும் கல்லும் உங்களோடு பேசும். இன்னொரு நல்ல செய்தி: மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் இடங்களில் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது.

செஞ்சி தூரமா? கவலை வேண்டாம். புதுக்கோட்டைப் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சித்தன்னவாசல் இருக்கிறது. குன்றின் ஒரு பக்கம் அறிவர் கோவில் என்ற சமணக் குகைக் கோவில். அதன் மேற்கூரையில் தாமரைக் குளம் ஒன்றை வண்ணத்தில் தீட்டியிருக்கிறார்கள். மீன், வாத்து, யானை, எருமை, பூப்பறிக்கும் மனிதர்கள் எல்லாரும் அந்தக் குளத்துக்குள் இருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட ஓவியம் அது. மலையின் இன்னொரு பக்கம், ஏழு படிக் குழிகளில் கால் வைத்து இறங்கினால் ஏழடிப்பட்டம். அங்கே சமணத் துறவிகள் படுத்த கல் படுக்கைகள் வழவழவென்று இருக்கும்.

மதுரைப் பக்கம் போகிறவர்கள் கீழக்குயில்குடி சமணர் மலையில் காலையில் ஏறுங்கள். மாலையில் கீழடி அருங்காட்சியகம். 2023 மார்ச் மாதம் திறந்தது. பானை ஓட்டில் தன் பெயரைக் கீறி வைத்த அந்தக் காலத்து மனிதரையும், விளையாடிய பகடைக் காயையும் அங்கே பார்க்கலாம்.

தெற்கே கழுகுமலையில், ஒரே பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்து, பாதியில் நிறுத்திவிட்ட வெட்டுவான் கோவில் உண்டு. அது முடியாமல் நிற்பதால்தான், அதை எப்படிச் செய்தார்கள் என்று நமக்குப் புரிகிறது.

சிதம்பரம் போனால் நடராஜர் கோவிலோடு திரும்பிவிடாதீர்கள். பக்கத்திலேயே பிச்சாவரம் அலையாத்திக் காடு. படகில் ஏறி, வேர்கள் தண்ணீருக்குள் விரல் விட்டதுபோல் இறங்கி நிற்பதைப் பாருங்கள்.

"இல்லை, எங்களுக்கு ஊட்டிதான் வேண்டும்" என்கிறீர்களா? தாராளமாகப் போங்கள். ஆனால் மேட்டுப்பாளையத்தில் இருந்து மலை ரயிலில் போக முன்பதிவு கிடைக்கிறதா என்று பாருங்கள். 46 கிலோமீட்டர் பாதையில் 16 குகைகள், 250 பாலங்கள், 208 வளைவுகள். கல்லாறில் இருந்து குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவில் பல் வைத்த பட்டை இருக்கும். என்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி மேலே ஏறும். என்ஜின் முன்னால் இழுக்காது, பின்னால் இருந்து தள்ளும்! அப்படிப் போனால் ஊட்டிப் பயணம்கூட ஒரு பாடம்தான்.

சரி, ஊரின் பெயரைக் குறித்துவிட்டீர்களா? இப்போது மூன்று கேள்விகள் கேளுங்கள்.

முதல் கேள்வி: இந்த மாதத்தில் அந்த ஊர் எப்படி இருக்கும்? குற்றாலச் சீசன் ஜூனில் தென்மேற்குப் பருவமழையோடுதான் தொடங்கும். சித்திரையில் போனால் பெரும்பாலும் பாறையைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டும். வேடந்தாங்கல் பறவைகளில் பல ஏப்ரல், மே மாதத்தில் கிளம்பிப் போயிருக்கும். மே மாதம் முதல் வாரத்தில் அக்னி நட்சத்திரம் தொடங்கிவிடும். செஞ்சி, சித்தன்னவாசல் போன்ற பாறை மலைகளுக்கு அதற்கு முன்பே, ஏப்ரல் கடைசியிலேயே போய்விடுங்கள். காலையில் திறந்தவுடன் ஏறி, வெயில் ஏறும் முன் இறங்கிவிட வேண்டும்.

இரண்டாவது கேள்வி: அங்கே போக அனுமதி வேண்டுமா? ஊட்டி, கொடைக்கானல் போகும் வண்டிகளுக்கு 2024 மே மாதம் இ-பாஸ் முறை வந்தது. நீங்கள் போகும்போது நடைமுறை என்ன என்று அப்பாவை விசாரிக்கச் சொல்லுங்கள்.

காட்டுப் பாதை என்றால் இன்னும் கவனம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் என்ன நடந்தது என்று வீட்டில் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி, 23 பேர் இறந்துபோனார்கள். கோடையில் மலைப் புல் காய்ந்து கிடக்கும். காற்று வீசினால் தீ மனிதனைவிட வேகமாக மேட்டில் ஏறும். அதனால்தான் தீப்பிடிக்கும் மாதங்களில் வனத்துறை பாதைகளை மூடி வைக்கிறது. "யாரும் பார்க்கமாட்டார்கள், வாங்க போகலாம்" என்று யாராவது சொன்னால், அவர் மாமாவாக இருந்தாலும் சரி, "வேண்டாம் மாமா" என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்லத்தான் அதிகத் தைரியம் வேண்டும்.

மூன்றாவது கேள்வி: அங்கே தண்ணீர் இருக்கிறதா? ஆறு, குளம், கல்குவாரி, கடல் எதுவானாலும், ஆழம் தெரியாத இடத்தில் இறங்கவே கூடாது. மேலே அமைதியாகத் தெரியும் ஆற்றில், மணல் அள்ளிய பள்ளம் அடியில் மறைந்திருக்கும். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் இந்தச் செய்தித்தாளில் பள்ளிப் பிள்ளைகள் நீரில் மூழ்கிய செய்தி வருகிறது. தன் நண்பனைக் காப்பாற்றக் குதித்து, சேர்ந்து போனவர்களும் அதில் உண்டு. படகிலோ பரிசலிலோ ஏறினால் லைஃப் ஜாக்கெட் போடாமல் உட்காராதீர்கள். படகுக்காரர் "பரவாயில்லை" என்றாலும் கேட்டு வாங்கிப் போடுங்கள்.

சாகசம் என்பது உயிரோடு விளையாடுவது இல்லை, கண்ணுகளா! தண்ணீர் பாட்டில், தொப்பி, பிடிப்பான செருப்பு, ஒரு சீட்டில் எழுதிய அப்பாவின் போன் நம்பர், இவற்றை எடுத்துவைத்துக்கொண்டு கிளம்புவதில் இருந்தே சாகசம் ஆரம்பமாகிறது. சித்திரைத் திருவிழா போன்ற பெருங்கூட்டத்துக்குப் போனால் அந்தச் சீட்டு தம்பி, தங்கையின் சட்டைப் பையில் கட்டாயம் இருக்கட்டும்.

இன்னும் ஒன்று. நீங்கள் போகும் ஊர் இன்னொருவருடைய வீடு. பழைய சுவரில் பெயரைக் கீறாதீர்கள். ஓவியத்தைத் தொடாதீர்கள், கை வியர்வையே அதைக் கெடுக்கும். குரங்குக்குச் சிப்ஸ் போடாதீர்கள். தோடர் மக்களையோ, வழிபாடு செய்பவர்களையோ கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். நம் வீட்டு வாசலில் நின்று யாராவது நம் பாட்டியைப் படம் எடுத்தால் நமக்குப் பிடிக்குமா?

"எங்கள் வீட்டில் வெளியூர் போக வசதி இல்லையே" என்று சில பிள்ளைகள் நினைப்பது எனக்குத் தெரியும். என் வகுப்பிலும் அப்படி நிறையப் பேர் இருந்தார்கள். சுற்றுலாக் கட்டுரை என்றதும் தலையைக் குனிந்துகொள்வார்கள். குனிய வேண்டாம் செல்லங்களே! டவுன் பஸ் போகும் தூரத்தில் ஒரு குன்று, ஒரு பழைய கோவில், ஒரு பெரிய ஏரி இல்லாத ஊர் நம் பக்கத்தில் குறைவு. அந்த ஏரியை வெட்டியது யார், மதகு எங்கே இருக்கிறது, தண்ணீர் எந்த வயலுக்குப் போகிறது என்று ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்டுக்கொண்டே, அப்பாவோடு கரையைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். கட்டுச்சோறும் தண்ணீரும் போதும். அதுவும் பயணம்தான்.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். லீவில் வீட்டுப்பாடமா என்று முகம் சுளிக்காதீர்கள்! தமிழ்நாட்டு வரைபடத்தை விரித்து வைத்து, அண்ணன், அக்கா, தம்பி, தங்கை எல்லாரும் உட்காருங்கள். ஓர் ஊரைத் தேர்ந்தெடுங்கள். அங்கே காலுக்கு என்ன வேலை, கண்ணுக்கு என்ன வேலை, எந்தத் தேதி, எந்த பஸ், எவ்வளவு செலவு, என்ன அனுமதி என்று ஒரே பக்கத்தில் எழுதி, அப்பா அம்மாவிடம் கொடுங்கள். அவர்கள் "முடியாது" என்றால் கோபப்படாமல் காரணம் கேளுங்கள்; செலவைக் குறைத்து மறுபடி எழுதுங்கள்.

ஜூனில் உங்கள் ஆசிரியர் கட்டுரை கேட்கும்போது, இந்த முறை தாள் போதவில்லை என்று நீங்கள் இன்னொரு தாள் கேட்டு வாங்க வேண்டும். சரியா?

போய் வாருங்கள். பத்திரமாகத் திரும்பி வாருங்கள். வாழ்த்துகள்!