கண்ணாடியில் மிதக்கும் ஸ்பீடு... சாலையில் இருக்கிறதா கவனம்?

கார் ஷோரூமில் டெஸ்ட் டிரைவுக்கு உட்காருபவர்களுக்கு ஆசை ஆசையாகக் காட்டப்படும் விஷயங்களில் இப்போது ஹெட்-அப் டிஸ்ப்ளேவும் சேர்ந்துவிட்டது. சுருக்கமாக ஹெச்.யு.டி. வண்டியை ஸ்டார்ட் செய்ததும், ஓட்டுபவரின் கண்ணுக்கு நேராக, பானெட்டுக்கு மேலே காற்றில் எழுதியதுபோல வேகம் மிதக்கும். ஒரு காலத்தில் சொகுசு கார்களில் மட்டுமே இருந்த இந்த வசதி, 2022-ல் மாருதி சுசூகி பலேனோவின் டாப் வேரியன்ட்டில் வந்த பிறகு நடுத்தரக் குடும்பங்களின் கார் பேச்சிலும் நுழைந்துவிட்டது. பலேனோவில் எண்கள் தெரிவது முன்பக்கக் கண்ணாடியில் அல்ல; டாஷ்போர்டிலிருந்து எழும்பி நிற்கும் ஒரு சின்னத் தகட்டில். விலை உயர்ந்த கார்களில் முன்பக்கக் கண்ணாடியே திரையாகிவிடுகிறது.

இதன் பூர்வீகம் போர் விமானம். குறிபார்க்கும்போது விமானி தலையைக் குனியக் கூடாது என்பதற்காக உருவானது. 1988-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஓல்ட்ஸ்மொபைல் கட்லஸ் சுப்ரீம் காரில் இதைக் கொண்டுவந்தது.

காருக்கு இது எதற்கு? கணக்கு எளிது. 60 கி.மீ வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் சுமார் 17 மீட்டரைக் கடந்துவிடும். ஸ்பீடோமீட்டரைக் குனிந்து பார்த்து நிமிர ஒரு நொடி ஆனால், அந்த 17 மீட்டரும் பார்க்காமல் ஓட்டியதுதான். அதோடு, தூரத்துச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்த கண், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் மீட்டருக்கு ஃபோகஸை மாற்ற வேண்டும். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இது இன்னும் மெதுவாக நடக்கும். ஹெச்.யு.டி-யின் பிம்பம் இரண்டு மீட்டருக்கு அப்பால் இருப்பதுபோலத் தெரிவதால், கண்ணுக்கு அந்த அலைச்சல் குறைகிறது. வாசிப்புக் கண்ணாடி போடத் தொடங்கிய அப்பாக்களுக்கு இது நிஜமாகவே உதவி.

இதுவரை எல்லாம் நல்ல செய்திதான். சிக்கல், கண்ணுக்கும் மூளைக்கும் நடுவில் இருக்கிறது.

1980-ல் அமெரிக்காவின் நாசா ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். பயணிகள் விமானம் ஓட்டும் விமானிகளை சிமுலேட்டரில் உட்காரவைத்து, ஹெச்.யு.டி உதவியோடு தரையிறங்கச் சொன்னார்கள். ஒரு கட்டத்தில், சொல்லாமல் கொள்ளாமல், ஓடுபாதையின் குறுக்கே இன்னொரு விமானத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். விமானிகளில் சிலர் அதைக் கவனிக்கவே இல்லை. நேராகத் தரையிறக்கப் போய்விட்டார்கள். அவர்கள் எங்கும் குனியவில்லை. கண் ஓடுபாதையின் திசையில்தான் இருந்தது. மனம் மட்டும் கண்ணாடியில் மிதந்த எண்களில் இருந்தது.

1999-ல் சைமன்ஸ், சாப்ரிஸ் என்ற இரு உளவியலாளர்கள் செய்த கொரில்லா சோதனை பலருக்கும் தெரிந்திருக்கும். பந்து எத்தனை முறை கைமாறுகிறது என்று எண்ணச் சொன்னார்கள். நடுவில் கொரில்லா வேடமிட்டவர் வந்து மார்பில் தட்டிவிட்டுப் போனார். பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அவரைக் கவனிக்கவில்லை. நம் ஊர் சாலையில் கொரில்லா வராது. ராங் சைடில் பைக் வரும், இண்டிகேட்டர் போடாமல் ஆட்டோ திரும்பும், பந்தைத் துரத்திக்கொண்டு குழந்தை ஓடிவரும்.

அதனால் கேட்க வேண்டிய கேள்வி, ஹெச்.யு.டி வேண்டுமா, வேண்டாமா என்பதல்ல. அதில் எதைக் காட்டுவது என்பதுதான். வேகம், அடுத்து எங்கே திரும்ப வேண்டும், ஆபத்து எச்சரிக்கை ஆகியவை சரி. ஏ.சி எத்தனை டிகிரி, என்ன பாட்டு ஓடுகிறது, யார் போன் செய்கிறார்கள் என்பதெல்லாம் கண்ணெதிரே மிதந்து என்ன ஆகப்போகிறது? புதிய மெர்சிடிஸ் எஸ்-கிளாஸில் வரும் ஆக்மென்டட் ரியாலிட்டி வகை, சுமார் 10 மீட்டர் தொலைவில், சாலை மேலேயே அம்புக்குறி வரைந்ததுபோலக் காட்டுகிறது. திருப்பத்தைத் தவறவிடாமல் இருக்க அருமை. ஆனால், அம்புக்குறி மின்னும் அதே இடத்தில்தான் சாலையைக் கடப்பவரும் வருவார்.

ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் கருவிகளை வாங்கி டாஷ்போர்டில் ஒட்டும் பழக்கமும் பரவுகிறது. கம்பெனியே ஹெச்.யு.டி பொருத்தும் கார்களின் முன்பக்கக் கண்ணாடியில், நடுவிலுள்ள பிளாஸ்டிக் படலம் ஆப்புபோல ஒரு பக்கம் மெலிந்திருக்கும். பிம்பம் இரட்டையாகத் தெரியாமல் இருக்க இந்த ஏற்பாடு. சாதாரணக் கண்ணாடியில் அது இல்லாததால் எண்கள் நிழலோடு தெரியும். அதை உற்றுப் பார்த்துப் படிக்கும் நேரத்துக்கு மீட்டரையே பார்த்துவிடலாம். ஹெச்.யு.டி காரில் கண்ணாடி உடைந்தால், அதே வகைக் கண்ணாடியைத்தான் போட வேண்டும், விலையும் கூடுதல். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டால் பிம்பம் மங்கும், சில சமயம் காணாமலே போகும். கருவி பழுது என்று சர்வீஸ் சென்டருக்கு ஓடும் முன், கண்ணாடியைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

காரை வாங்கியவுடன் செட்டிங்ஸில் பத்து நிமிடம் செலவழிப்பது நல்லது. எண்கள் சாலையை மறைக்காமல், பார்வைக்குச் சற்றுக் கீழே வருமாறு உயரத்தை மாற்றலாம். இரவில் வெளிச்சத்தைக் குறைக்கலாம். தேவையில்லாத தகவல்களை அணைக்கலாம். குறுகலான தெருவிலும் பள்ளி விடும் நேரத்திலும் மொத்தத்தையுமே ஆஃப் செய்துவிடலாம். 20 கி.மீ வேகத்தில் போகும்போது வேகத்தை யார் பார்க்கப்போகிறார்கள்? பக்கத்து சீட்டிலிருந்து வரும் ‘ஏங்க, முன்னாடி பாருங்க’ மட்டும் எப்போதும் ஆனிலேயே இருக்கட்டும்.